பெனாயில் பாஞ்சாலிக்கு வந்த மெஷின்

மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் பாஞ்சாலி வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். மூக்கு இருந்தால் போதும். காய்கறி மண்டியில் அழுகிக் கிடக்கும் தக்காளியின் நாற்றத்தையும் தாண்டி, எலுமிச்சை கலந்த பெனாயில் வாசனை ஒன்று தெருவோடு வரும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டாய் வாசலில் கொண்டுபோய் விடும். உள்ளே பிளாஸ்டிக் பீப்பாயும், வேப்பந்தடியும், அதைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கும் பாஞ்சாலியும் இருப்பார்கள்.

சேலை, தலைமுடி, தோள்பை எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிப்போயிருந்தது. ஒருமுறை பாலக்கோடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "ஆஸ்பத்திரியில இருந்து வரீங்களா?" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். பாஞ்சாலி விடுவாளா? "நான் எதுக்குங்க ஆஸ்பத்திரியில இருந்து வரணும்? ஆஸ்பத்திரி வாசமே என் வூட்ல இருந்துதான் போவுது!" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. இறங்குவதற்குள் அந்தப் பெண்ணிடமே ஒரு பாட்டிலை விற்றும் விட்டாள். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு.

அவள் புருஷன் நஞ்சப்பனுக்கு இதில் ஒரு நிரந்தரக் குறை உண்டு. "கல்யாணம் ஆன புதுசுல மல்லிப்பூ வாசம் அடிச்ச பொம்பளைங்க இவ. இப்ப பக்கத்துல படுத்தா ஈ எறும்பு கூட அண்டறதில்ல" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். தக்காளி போட்டு, விலை விழுந்து, பறிப்புக் கூலிக்குக் கூடக் கட்டாமல் செடியோடு மாட்டை மேயவிட்ட வருஷத்தில்தான் பாஞ்சாலி தருமபுரியில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்ப் பெனாயில் போடக் கற்றுக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பெரிந்தது அந்தப் பீப்பாயால்தான். நஞ்சப்பனுக்கு அது நன்றாகத் தெரியும்.

பெனாயில் போடுவது பெரிய வித்தையில்லை, ஆனால் கை ஓயக்கூடாது. பீப்பாயில் காம்பவுண்டு என்கிற கெட்டி எண்ணெயை ஊற்றி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பால் மாதிரி வெளுக்கும் வரை விடக்கூடாது. நடுவில் விட்டால் எண்ணெய் மேலும் தண்ணீர் கீழுமாகப் பிரிந்து நிற்கும். பாஞ்சாலியின் சரக்கு பிரிந்ததாக இதுவரை ஒரு கல்யாண மண்டபத்துக்காரரும் சொன்னதில்லை. அதற்கு அவள் கொடுத்த விலை வலது தோள்பட்டை. இப்போதெல்லாம் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. காலையில் அவளுக்குக் கொண்டை போட்டுவிடுவது நஞ்சப்பன்தான். மனுஷன் எவ்வளவு முயன்றாலும் அது இடது காதுப் பக்கம் சரிந்துதான் நிற்கும். அந்தக் கோணக் கொண்டையோடுதான் அவள் ஊரெல்லாம் சுற்றினாள். யாராவது கேட்டால், "எங்க வூட்டுக்காரரு போட்டதுங்க" என்று பெருமையாகச் சொல்லுவாள்.

இப்படி இருந்தவளைத் தேடித்தான் சேலத்திலிருந்து ராஜாமணி வந்தான். தும்பைப்பூச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாய்க்கு வாய் அக்கா. சேலத்தில் அவனுக்குப் பெரிய பெனாயில் கம்பெனியே இருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் ஒரு பீப்பாய்க்காரியைத் தேடி வருகிறான் என்றால் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? பாஞ்சாலி காபி போட்டுக் கொடுத்தாள்.

அவன் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னான். அரசாங்க விடுதிகளுக்கு எல்லாம் பெனாயில் வாங்கப் போகிறார்கள். அந்த ஆர்டரைப் பெண்கள் நடத்தும் சின்னத் தொழில்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி அதைத் தொடவே முடியாது.

"உங்க பேர்ல டெண்டர் போடலாங்க்கா. எழுத்து வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன். பின்னால நான் நிக்கறேன், முன்னால நீங்க நில்லுங்க."

"அத்தனை விடுதிக்கும் நான் எப்படிங்க சுத்திக் குடுப்பேன்? கை கழண்டு வுழுந்துடும்."

"நீங்க எதுக்குக்கா சுத்தணும்? மிசின் வந்துடும். சுவிட்சப் போட்டா அதுவே சுத்தும்."

அந்த ஒரு சொல்லில் விழுந்தாள். அவன் பிறகு என்ன சொன்னான் என்பது அவள் காதில் ஏறவே இல்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஆர்டரும் கிடைத்தது. மெஷின் வரும் வரைக்கும் முதல் லோடு சேலத்திலிருந்தே போகட்டும், லேபிள் மட்டும் உங்கள் பெயரில் என்றான். அவளும் சரியென்றாள்.

ஒரு பாட்டிலை அவளுக்குக் காட்டக் கொண்டுவந்தார்கள். "பாஞ்சாலி பெனாயில்" என்று பச்சை எழுத்தில் அழகாக அடித்திருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். வாசனையே இல்லை. குலுக்கிப் பார்த்தாள். மேலே எண்ணெய், கீழே தண்ணீர்.

"இது என்னங்க, கழுவி ஊத்துன தண்ணி மாதிரி இருக்குது?" என்று போனில் கேட்டாள்.

"மிசின் வந்ததும் நீங்களே உங்க கைப்பக்குவத்துல போடுங்கக்கா. இது ஒரு லோடுதானே?" என்றான் அவன்.

பாஞ்சாலி வாயை மூடிக்கொண்டாள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவளிடம் மல்லுக்கு நின்ற வாய் அது. எனக்கு அவள் மேல் கோபம் வருவது இந்த ஒரு இடத்தில்தான். ஆனால் ராத்திரியெல்லாம் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு தூக்கம் வராமல் புரண்டவளை என்னவென்று திட்டுவது?

அப்புறம் ஒரு நாள் மெஷின் வந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து யூனிட்டைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று சொன்னதற்கு முதல் நாள், மாதேஸ் என்ற டிரைவர் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஆளுயரத்துக்கு எவர்சில்வர் தொட்டி. மேலே மோட்டார். பாட்டிலில் ரொப்புவதற்குப் பக்கவாட்டில் இரண்டு குழாய். பாஞ்சாலி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தொட்டியில் முகம் தெரிகிறது என்று நஞ்சப்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது நெசமாலுமே என்னுதுங்களா?" என்று கூடவே வந்திருந்த ராஜாமணியை மூன்று தரம் கேட்டாள்.

"உங்களுதுதாங்க்கா. யார் வந்து கேட்டாலும் உங்களுதுன்னே சொல்லுங்க" என்றான்.

பொய் சொல்லத் தெரியாதவளிடம் பொய்யையே உண்மை என்று சொல்லி வைத்துவிட்டால் அவள் தடுமாறவே மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல மூளைதான். ஆனால் மெஷின் தன்னுடையது என்று நம்பிவிட்டால் மாரண்டஹள்ளியில் ஒரு பெண் என்ன செய்வாள் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

அவன் சேலத்துக்குக் கிளம்பியதும் பாஞ்சாலி பூசணிக்காய்க்கு ஆள் அனுப்பினாள். தெருவையே கூப்பிட்டாள். தொட்டிக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். மோட்டாருக்கு மாலை போட்டாள். அதோடு விட்டாளா? லாரிகளுக்குப் பேர் எழுதும் பெயிண்டரை வரவழைத்து, தொட்டியின் நெற்றியில் சிவப்பு எனாமலில் கொட்டை எழுத்தாக "முனியப்பன் துணை" என்று எழுத வைத்தாள். பக்கத்தில் ஒரு வேலும் வரையச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் டிராக்டரோ, போர்வெல் வண்டியோ, மாவு மில்லோ, எது வாங்கினாலும் முதலில் சாமி பேர் ஏறும். அதற்கப்புறம்தான் சுவிட்ச்.

சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. ஒரு பீப்பாய்க் காம்பவுண்டைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது பாட்டுக்குச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே பால் மாதிரி வெள்ளை. பாஞ்சாலிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடி ஆத்தா! நான் சும்மா நிக்கறேன், அது வேலை செய்யுது!" என்றாள். நஞ்சப்பன் வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்யும் மனுஷன். அன்றைக்கு அவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் வந்தவள் தேவிப்பிரியா என்ற இளம் அதிகாரி. மெஷினைப் பார்த்தாள், பெனாயிலை முகர்ந்து பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். "இது யாரோடதும்மா?" என்று கேட்டாள். "என்னுதுங்க" என்று பாஞ்சாலி நெஞ்சு நிமிர்த்திச் சொன்னாள். மெஷினையும் அவளையும் சேர்த்து நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதிகாரியின் ஜீப் போன சூடு ஆறுவதற்குள் மாதேஸ் மினி லாரியோடு வந்து நின்றான். மெஷினில் ஏதோ கோளாறாம், சர்வீஸ் பண்ணிக் கொண்டுவந்து விடுவார்களாம். "நேத்து நல்லாத்தானேங்க ஓடுச்சு?" என்றாள் பாஞ்சாலி. ஆனாலும் கயிறு கட்டுவதற்கு அவளே ஒரு கை பிடித்தாள். தொட்டி கீறிவிடக்கூடாது என்று பழைய போர்வை ஒன்றையும் கொடுத்தனுப்பினாள்.

வண்டி தெருமுனை தாண்டியதும் ராஜாமணி மாதேஸுக்குப் போன் செய்தான். தொட்டியில் சாமி பேர் ஏறியிருப்பதை மாதேஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். சேலம் வருவதற்குள் அந்த எழுத்தைச் சுரண்டிவிடச் சொன்னான். மாதேஸ் வண்டியை ஓரம் கட்டிவிட்டான்.

"நான் தொப்பூர் கணவாய் எறங்கி வரணுங்க. பிரேக்கு புடிக்காம எத்தனை வண்டி அங்க உருண்டு கெடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். சாமி பேர அழிச்சுட்டு அந்த எறக்கத்துல என்னால எறங்க முடியாதுங்க. வேணும்னா நீங்க வந்து ஓட்டிட்டுப் போங்க."

சேலம் குடோனிலும் ஒருத்தரும் கை வைக்கவில்லை. முதலாளி செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ராஜாமணியே பிளேடை எடுத்துக்கொண்டு போனான். போனவன் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். முனியப்பன் அவனுக்குக் குலதெய்வம். பிளேடைக் கீழே வைத்துவிட்டு, எழுத்தை மறைத்து ஒரு சாக்கைக் கட்டச் சொன்னான். அரசாங்கத்தை ஏமாற்றுவதற்குக் கை கூசாதவனுக்கு இதற்குக் கூசியது. இதையெல்லாம் மாதேஸ் பிற்பாடு பாஞ்சாலியிடம் வந்து சொன்னதுதான்.

அடுத்த வாரம் அதே மெஷின் சாக்கோடு அரூருக்குப் போனது. அங்கே சின்னபொண்ணு என்று ஒருத்தி. சித்தேரி மலையிலிருந்து, பெருக்குகிற சீமாறு கட்டிக் கொண்டுவந்து சந்தையில் விற்பவள். அவள் பெயரிலும் ராஜாமணி ஒரு யூனிட் ஆரம்பித்து, ஒரு ஆர்டர் வாங்கி வைத்திருந்தான். அவளுக்கும் அதே பேச்சு: "இது உங்களுதுதாங்க்கா." சின்னபொண்ணு சாக்கை அவிழ்த்துப் பார்த்தாள். முனியப்பன் இருந்தார். வந்த சாமியை எப்படி அழிப்பது? அவரை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் தன் மலைச் சாமியையும் எழுத வைத்தாள்: "கரியபெருமாள் துணை". இரண்டு பேருக்கும் சேர்த்துச் சூடம் காட்டினாள்.

அரூருக்கு வேறொரு அதிகாரி வருவார் என்று ராஜாமணி கணக்குப் போட்டிருந்தான். அவர் லீவு போட்டுவிட்டதால் வந்தது தேவிப்பிரியா. அவள் தொட்டியைப் பார்த்தாள். சிவப்பு எழுத்தைப் பார்த்தாள், பக்கத்தில் வரைந்திருந்த வேல் படத்தைப் பார்த்தாள். போனை எடுத்து மாரண்டஹள்ளியில் எடுத்த போட்டோவையும் பார்த்தாள். அங்கிருந்தே பாஞ்சாலிக்குப் போன் போட்டாள்.

"உங்க மெஷின் எங்கேம்மா இருக்கு?"

"சர்வீசுக்குப் போயிருக்குங்க மேடம்."

"நாளைக்குக் காலைல அரூர் வரைக்கும் வர முடியுமா?"

போனை வைத்ததும், அதற்குள் அரூர் சேதி எட்டியிருந்த ராஜாமணியின் போன் வந்தது. இந்தத் தடவை குரலில் தேன் வழிந்தது. ஒளிவு மறைவில்லாமல் சொன்னான்: "அக்கா, நாளைக்கு ஒரே ஒரு வார்த்தை. மிசின் இப்ப அரூர்ல சின்னபொண்ணுகிட்ட இருக்குது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அதை வாங்குனீங்க, மாத்தி மாத்தி வச்சுக்கறீங்கன்னு சொல்லிடுங்க. அதோட முடிஞ்சுது. சொன்னீங்கன்னா மிசினை உங்க ரெண்டு பேருக்கே எழுதிக் குடுத்துடறேன். முனியப்பன் மேல சத்தியம். இல்லைன்னா எனக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான் கெடுதல். கையெழுத்து உங்களுது."

அப்போதுதான் பாஞ்சாலிக்கு எல்லாம் விளங்கியது. மெஷின் அவளுடையதாக ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் நிஜமாகவே அவளுடையதாகிவிடும்.

"என்ன சொல்லப் போற?" என்று நஞ்சப்பன் கேட்டார்.

"தெரியல" என்றாள். அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு என்பதே அவருக்குப் புதுசு.

காலையில் அவர் கொண்டை போட்டுவிட்டார். வழக்கத்தைவிட மெதுவாக, கலைத்துக் கலைத்துப் போட்டார். "நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். தோளு உன்னுது" என்றார். இரண்டு பேரும் பஸ் மாறி அரூர் போய்ச் சேர்ந்தார்கள்.

போகும்போது பாஞ்சாலிக்கு அந்த முகம் தெரியாத சின்னபொண்ணு மேல்தான் ஆத்திரமெல்லாம். என் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு கம்மென்று இருந்திருக்கிறாள் பார் என்று வழியெல்லாம் பொருமினாள். ஷெட் வாசலில் ஒல்லியாக ஒருத்தி நின்றிருந்தாள். பாஞ்சாலி அவளைத் தாண்டி உள்ளே போனாள். மெஷினைப் பார்த்தாள். முனியப்பன் துணை, கரியபெருமாள் துணை. தொட்டியில் புதுசாக மஞ்சள் தடவியிருந்தது.

"சாமி பேரு இருந்துதுங்களா, அழிக்க மனசு வரலீங்க. அதான் பக்கத்துல எழுதிட்டேன். தப்புங்களாக்கா?" என்றாள் சின்னபொண்ணு.

வைது தீர்க்கத்தான் பாஞ்சாலி வந்திருந்தாள். "உனக்கும் உன்னுதுன்னே சொன்னானா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. நம்பிட்டேங்க்கா. சீமாறு கட்டிக் கட்டி விரலெல்லாம் வெடிச்சுப் போச்சுங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கும் இதுல வேலை குடுக்கலாம்னு நெனைச்சேன்" என்றாள். குரலைத் தாழ்த்தி, "அவரு சொல்லச் சொன்னத உங்க கிட்டயும் சொல்லியிருப்பாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. நீங்க சொல்றதையே நானும் சொல்றேன்" என்றாள்.

இப்போது இரண்டு பேர் பாரமும் அவள் தலையில் ஏறிக்கொண்டது. ராஜாமணி வெளியே காருக்குப் பக்கத்தில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தேவிப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் பயப்படாம சொல்லுங்க. இந்த மெஷின் யாரோடது?"

பாஞ்சாலி மெஷினைப் பார்த்தாள். தொட்டியில் அவள் முகம் தெரிந்தது, கோணக் கொண்டையும் தெரிந்தது. கை தானாகப் போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு இது வேணுங்க மேடம்" என்றாள். "ராத்திரி தூங்கும்போது கூட நெனைச்சுக்கறேங்க. அவ்வளவு வேணுங்க. ஆனா என்னுது இல்லீங்க."

அப்புறம் நிறுத்தவே இல்லை. யார் கொண்டுவந்தது, யார் கொண்டுபோனது, எந்தச் சரக்கில் அவள் பெயரை ஒட்டி விடுதிக்கு அனுப்பினார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். "அந்தத் தண்ணியை மோந்து பாத்துட்டு நான் வாய மூடிக்கிட்டு இருந்தேங்க. அதையும் எழுதிக்குங்க. புள்ளைங்க பொழங்கற கக்கூசுக்கு அதைத்தான் ஊத்தியிருப்பாங்க" என்று சொல்லும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நஞ்சப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"உங்க ஆர்டரும் ரத்தாகும்மா. அரசாங்க டெண்டர்ல கொஞ்ச வருஷத்துக்கு உங்களைச் சேர்க்க மாட்டாங்க. விசாரணையும் வரும்" என்றாள் தேவிப்பிரியா. அவளுக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"வரட்டுங்க" என்றாள் பாஞ்சாலி.

தேவிப்பிரியா சின்னபொண்ணு பக்கம் திரும்பினாள். அவள் வெடித்த விரல்களைப் பிசைந்துகொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னுதும் இல்லீங்க" என்றாள் கடைசியில். "காம்பவுண்டு அனுப்பறேன் அனுப்பறேன்னாரு, அனுப்பவே இல்ல. இது ஓடி நான் ஒரு தடவ கூடப் பாக்கலீங்க."

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அது தப்பிப் போய்விடாது, நம்பரும் பெயரும் எழுத்தில் ஏறிவிட்டன. தேவிப்பிரியாவோடு வந்த ஊழியர் மெஷினுக்குச் சீல் வைப்பதற்கு அரக்கும் நூலும் எடுத்து வைத்தார்.

"மேடம், ஒரு நிமிசம்" என்றாள் பாஞ்சாலி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சீல் வச்சா வச்சதுதாங்க. அதுக்கு முன்னால இவ ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கட்டுங்களா?"

தேவிப்பிரியா பேனாவை மூடி வைத்தாள். சரியென்று தலையாட்டினாள்.

வாளியில் தண்ணீர் பிடித்துத் தொட்டியில் ஊற்றினார்கள். பாஞ்சாலி சின்னபொண்ணின் கையைப் பிடித்துச் சுவிட்ச் மேல் வைத்தாள். "பயப்படாத. அமுக்கு" என்றாள். மோட்டார் உறுமியது. வெறும் தண்ணீர்தான், சுற்றிச் சுற்றி வந்தது. சின்னபொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. சீல் வைக்க வந்த ஊழியரும் அரக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அவளாக நிறுத்தும் வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.